இரண்டரைக் கிலோவாக ஏறும் வலு

பவர்லிஃப்டிங் என்றால் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என்ற மூன்றுதான். பார் என்ற நீண்ட இரும்புக் கம்பியில் நிறையைப் பூட்டி, அதைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது ஸ்குவாட், வாங்கில் மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுவது பெஞ்ச், தரையிலிருந்து இழுத்து நிமிர்வது டெட்லிஃப்ட். அவற்றில் நிறையை ஏற்றும் திட்டத்தை ஒரு கொப்பியின் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். அதை இரண்டு மூன்று வருடம் மாற்றாமல் செய்வதுதான் கஷ்டம். திருகோணமலையில் நல்ல உடல்வாகுள்ள பெடியள் பலர் ஆறு கிழமைக்கு ஒரு திட்டம் என்று மாறிக்கொண்டே இருக்கிறார்கள். போன வருடம் இதே மாதம் ஸ்குவாட் எத்தனை கிலோ என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆகவே முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, நிறை, செட், தடவை, கடைசித் தடவை எப்படி எழும்பியது என்ற ஒரு சொல், இவ்வளவும் அதில் இருந்தால் போதும்.

முதல் வருடத்துக்குக் கிழமையில் மூன்று நாள். திங்களன்று ஸ்குவாட் 5 தடவையாக 3 செட் (விடாமல் 5 தடவை செய்தால் ஒரு செட், பிறகு ஓய்வு), பெஞ்ச் அதேபோல், பிறகு குனிந்து நின்று இழுக்கும் ரோ 8 தடவையாக 3 செட். புதனன்று டெட்லிஃப்ட் 5 தடவையில் ஒரேயொரு கனமான செட், நின்றபடி தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ் 5 தடவையாக 3 செட், முடிந்த அளவு புல்-அப். வெள்ளியன்று ஸ்குவாட்டைத் திங்கள் நிறையின் 80 வீதத்தில், அடியில் 2 செக்கன் நின்று எழும்பிச் செய்யுங்கள். பெஞ்ச் மறுபடி 3 செட். வெள்ளிக்கிழமை ஜும்ஆவோ கோயிலோ இடைஞ்சலாக இருந்தால் சனிக்குத் தள்ளலாம். இரண்டு ஸ்குவாட் நாளுக்கும் நடுவில் 48 மணித்தியாலம் இருந்தால் சரி. சூடேற்ற வெறும் பாரில் 5 தடவையாக 2 செட், பிறகு அன்றைய நிறையின் 50 வீதத்தில் 5, 70 வீதத்தில் 3, 85 வீதத்தில் 2.

தொடங்கும் நிறையில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். ஐந்தாவது தடவையும் முதல் தடவையின் வேகத்திலேயே எழும்ப வேண்டும். 70 கிலோ உடல் நிறையுள்ள ஒரு புதியவர் ஸ்குவாட் 40, பெஞ்ச் 30, டெட்லிஃப்ட் 60 என்று தொடங்கலாம். கிழமைக்கு ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும் 2.5 கிலோ, பெஞ்சில் 1 கிலோ ஏற்றுங்கள். 16 கிழமையில் அது 80, 46, 100 ஆகும். பக்கத்தில் நிற்பவர் இதைப் பார்த்து இவ்வளவுதானா என்று கேட்பார், கேட்கட்டும். தசை சில கிழமைகளில் பழகிவிடும், தசைநாண்களுக்கு மாதங்கள் வேண்டும். அவசரப்பட்டு ஏற்றியவர்கள் மூன்றாம் நான்காம் மாதத்தில் முழங்கையையும் முழங்காலையும் தடவிக்கொண்டு நிற்பது இதனால்தான். பெண்களுக்கும் இதே திட்டம்தான். தொடங்கும் நிறை குறையலாம், பெஞ்ச் ஏற்றத்தை இரண்டு கிழமைக்கு 1 கிலோ என்று வைக்க வேண்டி வரலாம்.

பெஞ்சில் 1 கிலோ ஏற்றப் பக்கத்துக்கு அரைக் கிலோ பிளேட் வேண்டும். அது பல ஜிம்மில் இருப்பதில்லை. உள்ளதில் சிறியது 2.5 கிலோ என்றால் ஒரே தாவலில் 5 கிலோ ஏறும். 40 கிலோ பெஞ்சுக்கு அது 12 வீதத்துக்கும் மேல். திட்டம் சரியில்லை என்று பலர் விட்டுப்போவதற்கு உண்மையான காரணம் இந்தச் சிறிய பிளேட் இல்லாததுதான். லேத் பட்டறையில் 10 மில்லிமீற்றர் தடித்த இரும்புத் தகட்டை வெளி விட்டம் 104, நடுத் துளை 52 மில்லிமீற்றர் என்று வெட்டுவித்தால் அரைக் கிலோவுக்கு மிகக் கிட்ட வரும். ஒரு சோடி செய்து பையில் வைத்திருங்கள். ஜிம்மின் பாரையும் ஒருமுறை தராசில் போட்டுப் பாருங்கள். போட்டிப் பார் 20 கிலோ. மெல்லிய பார்கள் அதன் பாதிகூட இருக்காது. எப்போதும் ஒரே பாரில் செய்தால் கொப்பிக் கணக்குப் பிழைக்காது.

ஸ்குவாட்டில் நிறை ஏற ஏற ஆழம் குறையும். செய்பவருக்கு அது தெரியாது. இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்மட்டத்துக்குக் கீழே போனால்தான் போட்டியில் செல்லும். கைபேசியைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்து ஒவ்வொரு கிழமையும் கடைசிச் செட்டைப் படமெடுங்கள். ஆழம் குறைந்திருந்தால் அந்த நிறை ஏறியதாக எழுத வேண்டாம். குதி எழும்பினால் முதலில் சப்பாத்தைப் பாருங்கள். ஓட்டச் சப்பாத்தின் மெத்தென்ற அடி பாரத்தில் அமுங்கிச் சரியும். தட்டையான கடின அடியுள்ள சப்பாத்து நல்லது. இடுப்பு முதலில் எழும்பி நெஞ்சு பின்தங்கினால் நிறையை 10 வீதம் குறைத்து, வெள்ளிக்கிழமை நின்று எழும்பும் ஸ்குவாட்டில் கவனம் வையுங்கள். இறங்கும் முன் வயிறு முழுக்க மூச்சை நிரப்பி இறுக்குங்கள். எழும்பும்போது கடினமான இடத்தைத் தாண்டும் வரை விட வேண்டாம். பெல்ட் கட்டினால் அந்த இறுக்கத்துக்கு ஒரு சுவர் கிடைக்கும். வாங்குவதானால் போட்டி விதிக்குள் நிற்கும் 10 சென்ரிமீற்றர் அகலம், 13 மில்லிமீற்றர் தடிப்புக்கு மேல் போகாததை வாங்குங்கள்.

டெட்லிஃப்டில் பார் தரையிலிருந்து 22.5 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். 45 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பெரிய பிளேட் போட்டால் அது தானாக வரும். சிறிய 10 கிலோ பிளேட்டுகளை மட்டும் போட்டால் பார் தாழ்ந்துபோய், எட்டிப் பிடிக்கும்போதே முதுகு வளையும். அடியில் பலகை வைத்து உயர்த்துங்கள். பார் பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே, கால் எலும்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளி இருக்கட்டும். முதலில் இழுத்துத் தளர்வை எடுங்கள், பார் பிளேட்டின் துளையில் மோதும் ஒலி கேட்கும், பிறகு தரையைக் காலால் தள்ளுங்கள். வெடுக்கென்று இழுத்தால் இடுப்பு உயர்ந்து பார் முன்னால் போகும். ஒரு கை மறுபக்கம் திருப்பிப் பிடிப்பவர்கள் அந்தக் கையை மடக்கவே கூடாது. மடங்கிய முழங்கையோடு கனத்தை இழுக்கும்போதுதான் பைசெப்ஸ் தசைநாண் அறுகிறது.

பெஞ்சில் தனியாகச் செய்பவர்களுக்கு ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாதுகாப்புக் கம்பியோ பிடிக்க ஆளோ இல்லாவிட்டால் பிளேட்டுகளுக்கு வெளியே கிளிப் போடாதீர்கள். பார் நெஞ்சில் சிக்கினால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டுகளை வழுக்கிவிட அதுதான் வழி. கட்டைவிரல் பாரைச் சுற்றி இருக்கட்டும். பயிற்சியிலேயே ஒவ்வொரு செட்டின் கடைசித் தடவையை நெஞ்சில் அசையாமல் நிறுத்தித் தள்ளிப் பழகுங்கள்.

ஒரு கட்டத்தில் கிழமைக்குக் கிழமை ஏற்றுவது நின்றுவிடும். ஒரே நிறையில் இரண்டு கிழமை தடுமாறினால் அந்த அசைவுக்கு மட்டும் நான்கு கிழமைச் சுற்றுக்கு மாறுங்கள், மற்றவை ஏறும்வரை பழையபடி ஏறட்டும். ஒரு தடவை தூக்கக்கூடிய அதியுயர் நிறையின் 90 வீதத்தை அடிப்படையாக எடுங்கள். ஸ்குவாட் 120 என்றால் அடிப்படை 107.5. முதற் கிழமை அதன் 75 வீதத்தில் 5 தடவையாக 3 செட், அதாவது 80 கிலோ. இரண்டாம் கிழமை 82.5 வீதத்தில் 4 தடவையாக 3 செட், 87.5 கிலோ. மூன்றாம் கிழமை 90 வீதத்தில் 3 தடவையாக 3 செட், 95 கிலோ. நான்காம் கிழமை 60 வீதத்தில் 5 தடவையாக 2 செட்டோடு வீட்டுக்குப் போய்விடுங்கள். டெட்லிஃப்டுக்கு ஒவ்வொரு கிழமையும் மேலே சொன்னதைவிட ஒரு செட் குறைவு. எண்ணை எப்போதும் கீழ்நோக்கியே 2.5 கிலோவுக்கு முழுமையாக்குங்கள். சுற்று முடிந்ததும் அடிப்படையில் ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்டுக்கும் 5, பெஞ்சுக்கு 2.5 கிலோ கூட்டுங்கள்.

நான்காம் கிழமையைத் தவிர்ப்பவர்களே அதிகம். உடம்பு நன்றாக இருக்கிறதே, ஏன் வீணாக்குவது என்று மூன்று சுற்றைத் தொடர்ந்து ஓட்டுவார்கள். நான்காவதில் எல்லாம் ஒன்றாக இறங்கும். அடுத்தடுத்த இரண்டு சுற்றில் மூன்றாம் கிழமைத் தடவைகள் முடியாமல் போனால் அடிப்படையை 10 வீதம் குறைத்துத் திரும்ப ஏறுங்கள். குறைக்கும் முன் நித்திரையும் சாப்பாடும் சரியா என்று பாருங்கள்.

சாப்பாட்டில் உடல் நிறையின் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 70 கிலோவுக்கு அது 112 கிராம். அறுக்குளா விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சூரை 200 கிராமிலேயே 45 கிராமளவு கிடைக்கும். நான்கு முட்டையில் 24, பச்சையாக நிறுத்த 100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 24. மிச்சம் சோறு, புட்டு, தயிரிலிருந்து வந்துவிடும். காலையில் இரண்டு இடியப்பமும் சம்பலும் மட்டும் என்றால் கணக்கு எட்டாது. கந்தசஷ்டி ஆறு நாளையும் நான்காம் கிழமையோடு பொருத்திக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் இஃப்தாருக்கு ஒன்றரை மணித்தியாலம் கழித்துப் பயிற்சி. நிறையைக் குறைக்காமல் செட்டுகளைப் பாதியாக்கினால் வலு இறங்காது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் மூன்று மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழ் ஸ்குவாட் செய்யாதீர்கள். விடிய ஐந்தரைக்கோ பொழுது பட்ட பிறகோ செய்யுங்கள். கனமான செட்டுகளுக்கிடையில் 3 முதல் 5 நிமிடம், வெக்கையில் 6 நிமிடமும் எடுக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பும் தேசிக்காயும் கலந்து வைத்திருங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு. கைக்கு மக்னீசியம் சோக் பூசுங்கள். முகத்துக்குப் போடும் பவுடர் கையை வழுக்கும். உப்புக் காற்று பாரைத் தின்றுவிடும். வியர்வையை அன்றே துடைத்து, கிழமைக்கு ஒருமுறை கம்பித் தூரிகையால் சொரசொரப்பான பகுதியைத் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லப் பூசி, காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்தெடுங்கள்.

போட்டிக்குப் போவதானால் கடைசிக் கனமான டெட்லிஃப்டைப் பத்து நாள் முன்னும், ஸ்குவாட்டை ஏழு நாள் முன்னும், பெஞ்சை ஐந்து நாள் முன்னும் முடியுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சி. ஒன்றில் மூன்றும் தவறினால் மொத்தக் கணக்கே இல்லாமல் போகும், கேட்ட நிறையைக் குறைக்கவும் முடியாது. எனவே முதல் முயற்சிக்கு அந்த 90 வீத அடிப்படை எண்ணையே எழுதிக் கொடுங்கள்: 120 ஸ்குவாட்காரருக்கு 107.5, பிறகு 115, பிறகு 122.5. ஸ்குவாட்டில் தொடங்கவும், பாரை ராக் என்ற தாங்கியில் வைக்கவும் நடுவர் சொல்லும் வரை நில்லுங்கள். பெஞ்சில் ஸ்டார்ட், பிரஸ், ராக் என்று மூன்று கட்டளை. டெட்லிஃப்டில் டவுன் மட்டும்; அதற்கு முன் இறக்கினால் தூக்கியது வீண். நிறை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்தான் தொடங்கும், ஆகவே தண்ணீரை நிறுத்தி நிறை குறைக்கும் வேலை, அதுவும் இந்த ஊர் வெயிலில், வேண்டவே வேண்டாம். அடுத்த கிழமை 60 வீதத்தில் இலகுவாகச் செய்துவிட்டு, போட்டியில் வந்த புதிய நிறையின் 90 வீதத்தைக் கொப்பியில் எழுதி முதற் கிழமையிலிருந்து தொடங்குங்கள்.