புரோகிராமிங் கேள்வி-பதில் தளத்தை மாடரேட் செய்யும்போது, "கோட் ஓடலை, ஹெல்ப் ப்ளீஸ்" என்று வரும் கேள்வியை என்ன செய்வது?

மூடிவிடக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். டெக்ஸ்ட்டாக ஒட்டிய கோட், முழு எரர் மெசேஜ், எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன: இவை இல்லாததுதான் குறை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் புதியவர் மிரண்டுவிடுவார். முதலில் எரரை மட்டும் கேளுங்கள். எந்தப் பகுதி வேண்டும் என்றும் சொல்லுங்கள். பைத்தான் மொழியில் எரரின் பெயர் கடைசி வரியில் இருக்கும், ஜாவாவில் முதல் வரியில். வெர்ஷனும் தேவைப்படலாம். அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் பழைய பைத்தான் பெரும்பாலும் அடுத்த வரியைக் குறை சொல்லும். 2021ல் வந்த 3.10 முதல், திறந்த குறியையே காட்டுகிறது.

ஸ்க்ரீன்ஷாட்டை ஏற்காதீர்கள். அதை ஓட்டிப் பார்க்கவும் முடியாது, தேடவும் முடியாது.

கேள்வியை எடிட் செய்து அழகாக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும்: பைத்தான் கோடின் இன்டென்டேஷனை (வரித் தொடக்க இடைவெளியை) நீங்களாகச் சரிசெய்யாதீர்கள். விடையைத் தந்து வெளியேறும் ரிட்டர்ன் வரி, திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் நான்கு ஸ்பேஸ் தள்ளி நிற்பதுதான் பிழையாக இருக்கலாம். நீங்கள் நேராக்கினால் பிழை மறைந்துபோகும், கேள்வி மட்டும் நிற்கும். கோட் பிளாக்குக்குள் போட்டு, அசலில் எப்படி இருக்கிறது என்று கேட்டவரிடமே உறுதி செய்யுங்கள்.

டூப்ளிகேட் (ஏற்கனவே கேட்கப்பட்ட கேள்வி) என்று மூடுவதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. அறிகுறியை அல்ல, காரணத்தைப் பாருங்கள். ஒருவருக்கு 5ஐயும் 5ஐயும் கூட்டினால் 55 வருகிறது. இன்னொருவருக்கு வயது 18ஐவிடப் பெரிதா என்று பார்க்கும் வரியில் டைப்எரர், அதாவது வகை பொருந்தாத எரர். மூன்றாமவருக்கு எரரே இல்லை, 7 என்று சரியாக ஊகித்தாலும் "தவறு" என்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: பைத்தான் 3ல் பயனர் தட்டுவதை வாங்கும் இன்புட் எப்போதும் ஸ்ட்ரிங்தான் (எண்ணல்ல, எழுத்துக் கோவை) தரும். வெறும் லிங்க்கைப் போட்டு மூடினால், 55 வந்தவருக்கு டைப்எரர் பதில் தன்னுடையதாகத் தெரியாது. "உங்கள் நான்காம் வரியில் வருவது ஸ்ட்ரிங், இன்ட்டாக (முழு எண்ணாக) மாற்றுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடுங்கள்.

லூப்பில் மார்க்1, மார்க்2, மார்க்3 என்று வேரியபிள் உருவாக்குவது எப்படி என்பவருக்கு வேண்டியது, பல மதிப்புகளை ஒரே பெயரில் வைக்கும் லிஸ்ட். கேட்டதற்கே பதில் தருபவர்களை அங்கே தடுத்தாக வேண்டும்.

"கூகுள் பண்ணுப்பா" கமெண்ட்டை யோசிக்காமல் நீக்குங்கள். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 ஏன் வருகிறது என்று திகைப்பவருக்கு, ஃப்ளோட்டிங் பாயின்ட் (கணினி தசம எண்ணைச் சேமிக்கும் முறை) என்று தேட வேண்டும் என்பதே தெரியாது.