நாலாவது மூலை

கார்பென்டர் பிரிவில் சேர்ந்த மூன்றாவது மாதம், ஆணியே இல்லாமல் ஒரு பெட்டி செய்யச் சொன்னார் சார். நீளம் 12 அங்குலம், அகலம் 8, உயரம் 4. பலகை நாலு நூல் கனம். பாடத்தில் மில்லிமீட்டர் படித்தாலும் பட்டறையில் பேச்சு நூலில்தான். எட்டு நூல் ஒரு அங்குலம். மரம், ஏதோ வீட்டை இடித்தபோது கிடைத்த பழைய தேக்கு நிலை. இழைக்க ஆரம்பித்ததும் தேக்கெண்ணெய் வாசம் எழுந்தது.

மூலைகளுக்கு டவ்டெயில். ஒரு பலகையின் முனையில் புறா வால் விரிந்த மாதிரி நாக்குகள், அடுத்ததில் அவை உட்காரும் பள்ளங்கள். நாக்கு நுனியில் அகலம், அடியில் குறுகல். அதனால் ஒரு பக்கம் இழுத்தால் வராது. இன்னொரு பக்கம் இழுத்தால் வந்துவிடும், அதற்குத்தான் பசை. தேக்குக்குச் சரிவு 8-க்கு 1. ரொம்பச் சாய்த்தால் நாக்கின் ஓரம் சிராயாகப் பெயர்ந்துவிடும்.

அறுப்பதைவிடக் கோடு போடுவதில்தான் எனக்கு நேரம் போனது. பென்சில் கோட்டுக்கே ஒரு தடிமன் இருக்கிறது, ஆகவே கத்தியால் கீற வேண்டும். வெட்டி எறிய வேண்டிய பக்கத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். மூன்று மூலைக்குப் போட்டேன். நாலாவதில், சாயங்கால பஸ் நினைப்பில், விட்டுவிட்டேன். ரம்பம் கோட்டுக்குத் தப்பான பக்கம் இறங்கிவிட்டது. அரை நூல்கூட இருக்காது. ஆனால் பலகைகளைச் சேர்த்துத் தூக்கிப் பார்த்தபோது இடையில் வெளிச்சம் தெரிந்தது.

ரம்பத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் இடமே தெரியவில்லை. பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த சார், “பாலீஷ் போட்டு எடுத்துட்டு வாப்பா” என்றார், அவ்வளவுதான்.

பாலீஷ் துணி பட்டதும் பெட்டி முழுக்கத் தேன் நிறம் ஏறியது. அடைத்த இடம் மட்டும் எதையும் குடிக்காமல் வெளுத்துப்போய் நின்றது. அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. கத்திவிட்டாவது போயிருக்கலாம்.

“புதுசா செஞ்சிடவா சார்?”

“மரம் உங்க அப்பா வீட்டுதா? இதையே சரி பண்ணு.”

பசையைச் சுரண்டி எடுத்தேன். மீந்த துண்டிலிருந்து காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒரு சீவல் எடுத்து, நாக்கின் ரேகை ஓடும் திசையிலேயே அதன் ரேகையும் ஓடும்படி வைத்துச் செருகி ஒட்ட வேண்டும். இதற்கே உளியை மூன்று முறை தீட்டினேன். அதுவும் முதல் சீவல் முறிந்துவிட்டது.

அடிப்பலகையைக் காடிக்குள், அதாவது பக்கப் பலகைகளில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள், சும்மாதான் நிறுத்தியிருக்கிறது, பசை கிடையாது. மரம் ஈரத்துக்கு அகலவாக்கில் விரியும். ஒட்டிவிட்டால் ஒன்று பலகை வெடிக்கும், இல்லை மூலை பிளக்கும். இப்போது அந்தப் பெட்டியில் என் உளிகள் இருக்கின்றன. ஐப்பசி மழையில் அடிப்பலகை இறுகிவிடுகிறது. சித்திரையில் பெட்டியை எடுத்தால் லேசாகக் கடகடக்கிறது.