பாலக்காட்டுக் கணவாயும் முப்பதாண்டுக் கணக்கும்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில், மழைமானியைப் பார்த்து எழுதும் பொறுப்பு பெரியப்பாவுடையது. பண்ணை வளாகத்தில் மரநிழலோ சுவரின் மறைப்போ இல்லாத இடத்தில் அது நின்றது. காலை 8.30 மணிக்கு அவர் மேல்புனலைக் கழற்றுவார். உள்ளிருக்கும் போத்தலை எடுத்து அளவுக் கண்ணாடியில் நீரைச் சாய்ப்பார். அதைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, நீரின் வளைவுக்கு அடிப்புறம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவார். ஒரு துளி விழாத மாசி, பங்குனி நாள்களிலும் திறந்து பார்த்த பிறகுதான் பூஜ்யம் போடுவார். சிறுவனாக இருந்த நான், வானமே வெளுத்துக் கிடக்கையில் எதற்குத் திறக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். "பெய்யலீன்னு தெரிஞ்சாலும் தொறந்து பாக்கோணும் கண்ணு. பாக்காம எழுதுனா அது கணக்கில்ல" என்றார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, அன்றாட முன்கணிப்புக்காக ஓடிக்கொண்டிருந்த வானிலை மாதிரி ஒன்றை, அதாவது காற்றையும் மழையையும் கணக்கிடும் கணினி நிரலை, 30 ஆண்டுகளைத் தொடர்ச்சியாக ஓட்டிப் பார்க்கும் வட்டாரக் காலநிலை மாதிரியாக மாற்றும் வேலை எனக்கு வந்தது. அப்போது எனக்கு மிக அதிகமாக உதவியவை அந்தப் பூஜ்யங்கள்தான்.

முன்கணிப்பு மாதிரியும் காலநிலை மாதிரியும் உள்ளுக்குள் ஒரே குடும்பம். காற்று, வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றைப் பிணைக்கும் சமன்பாடுகள் இரண்டிலும் அவையேதான். நிலத்தையும் வானத்தையும் கட்டங்களாகப் பிரித்து, நொடிக்கணக்கில் ஓர் அடி ஓர் அடியாகக் கணக்கு முன்னேறுகிறது. 12 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஏறத்தாழ 72 நொடிக்கு ஓர் அடி என்றால், மூன்று நாள் முன்கணிப்புக்கு 3,600 அடிகள் போதும். 30 ஆண்டுக்கோ 1 கோடியே 31 லட்சம் அடிகள் வேண்டும். ஆனால் பெரிய வித்தியாசம் இந்த எண்ணிக்கையில் இல்லை. முன்கணிப்பு மாதிரிக்கு நாள்தோறும் பலூன்களும் கப்பல்களும் செயற்கைக்கோள்களும் தரைநிலையங்களும் எடுத்த அளவீடுகள் புதிதாக வந்து சேர்கின்றன. நேற்றைய கணக்கு எங்கே வழுக்கியிருந்தாலும் இன்றைய தொடக்க நிலை அதைத் திருத்திவிடுகிறது. காலநிலை மாதிரிக்கு அந்தத் திருத்தம் கிடையாது. அதன் வட்டாரத்தைச் சுற்றியுள்ள நான்கு ஓரங்களிலும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியுலகின் காற்றையும் ஈரத்தையும் ஊட்டுகிறோம். கீழே கடலின் வெப்பத்தைக் கொடுக்கிறோம். உள்ளே நடப்பதையெல்லாம் அது தானே முப்பது ஆண்டுகளுக்குச் சுமந்தாக வேண்டும். அன்றாடம் கல்லாவை எண்ணி முடிக்கும் கடைக்கும், ஒரே பேரேட்டை முப்பது வருடம் புரட்டும் மண்டிக்கும் உள்ள வேறுபாடு அது. மண்ணிலிருந்து நாளுக்கு அரை மில்லிமீட்டர் நீர் கூடுதலாக ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளில் ஒன்றரை மில்லிமீட்டர். எந்த முன்கணிப்பாளர் கண்ணிலும் படாது. ஓராண்டில் அது 180 மில்லிமீட்டரைத் தாண்டும். எங்கள் பக்கத்தில் அது ஒரு நல்ல ஐப்பசி மழைக்குச் சமம்.

இந்த அச்சத்தால்தான், குறுகிய வட்டாரத்துக்கான வானிலை மாதிரியைச் சில நாள்களுக்கு மேல் ஓட்டினால் பிழை குவிந்து பயனற்றுப்போகும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1989இல் ராபர்ட் டிக்கின்சன், பிலிப்போ ஜியோர்ஜி முதலியோர் அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் அமெரிக்க தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையமும் சேர்ந்து உருவாக்கிய எம்எம்4 என்ற வானிலை மாதிரியை எடுத்து, உலகக் காலநிலை மாதிரிகளில் இருந்த கதிர்வீச்சுக் கணக்கையும் மண், தாவரக் கணக்கையும் அதில் பொருத்தி, மேற்கு அமெரிக்காவின் மலைப்பகுதிக்கு ஓட்டினார்கள். நெவாடாவின் யக்கா மலையில் அணுக்கழிவைப் புதைக்கலாமா என்ற கேள்வி அந்தப் பணிக்குப் பின்னால் இருந்தது. அதிலிருந்து வளர்ந்த ரெக்சிஎம் மாதிரி பிறகு இத்தாலியின் திரியஸ்தே நகரிலுள்ள பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தில் வளர்ந்து, இந்தியா உட்படப் பல நாடுகளுக்குச் சென்றது. ஜெர்மனியின் ரெமோவும் காஸ்மோ-சிஎல்எம்மும்கூட அந்நாட்டு வானிலைத் துறையின் முன்கணிப்பு மாதிரிகளிலிருந்து பிறந்தவையே. ஆக, நான் செய்ய வந்தது புதிய வேலை அன்று. தடம் பதிந்த பாதை. இருந்தும் அந்தப் பாதையின் ஒவ்வொரு பள்ளத்திலும் நானும் விழுந்துதான் எழுந்தேன்.

முதல் பள்ளம் கடல். நான் பயன்படுத்திய டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மாதிரியில், நாமாகச் சொல்லாதவரை, கடல் மேற்பரப்பின் வெப்பநிலை தொடக்க நாளில் இருந்தபடியே நின்றுவிடும். மூன்று நாளில் கடல் பெரிதாக மாறுவதில்லை என்பதால் முன்கணிப்புக்கு அது குறையே அல்ல. நான் ஜனவரி 1இல் தொடங்கினேன். அரபிக்கடல் மே மாதத்திலும் தைக் குளிரிலேயே கிடந்தது. கோடை மழையும் இல்லை, இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் இல்லை. ஒரு மாதக் கணினி நேரம் வீணாயிற்று. என் மேலாளர் கோபிக்கவில்லை, ஆனால் அந்த வாரம் முழுவதும் அமைப்புக் கோப்பின் ஒவ்வொரு வரியையும் "இது மூன்று நாளுக்கு எழுதப்பட்டதா, முப்பது வருடத்துக்கா?" என்று கேட்டபடி வாசிக்க வைத்தார். அப்படி வாசித்தபோது இன்னும் பல அகப்பட்டன. அடிமண்ணின் வெப்பநிலை மாறாமல் நின்றது. காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவு ஓரிடத்தில் உறைந்திருந்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனலோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த அது, 2013இல் 400ஐத் தொட்டதை மாதிரி அறியவே இல்லை. நாட்காட்டியும் ஒரு சிக்கல். பிரிட்டனின் ஹாட்லி மையத்தின் பழைய உலக மாதிரிகளில் ஆண்டுக்கு 360 நாள், மாதத்துக்கு முப்பது, பிப்ரவரி 30ஆம் தேதியும் உண்டு. 32 நாள் வரும் மாதங்களைக் கண்ட நமக்கு அது வியப்பில்லை என்றாலும், அந்தத் தரவை ஓரங்களில் ஊட்டும்போது நாள்களை இழுத்துப் பொருத்துவது பொறுமையைக் கேட்கும் வேலை.

அடுத்தது மலை. எங்கள் ஊரின் தட்பவெப்பத்தை ஆள்வது பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் இடையே முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த வாசல். ஆடியில் அந்த வாசல் வழியாக வரும் காற்று பனையோலைகளை ஒரே பக்கமாகச் சீவிவிடும். அதே காற்றைப் பிடித்துத்தான் உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்கின்றன. தெற்காசியாவுக்காகப் பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஓட்டிய கோர்டெக்ஸ் முடிவுகள் 50 கிலோமீட்டர் கட்டத்தில் கிடைத்தன. அவற்றின் மலை உயரப் படத்தை முதன்முதலில் திரையில் திறந்தபோது நான் நெடுநேரம் பேசாமல் இருந்தேன். கணவாயே இல்லை. 2,695 மீட்டர் ஆனைமுடியும், கடல்மட்டத்திலிருந்து 140 மீட்டர் அளவே உயர்ந்த கணவாயின் தரையும் பக்கத்துக் கட்டங்களோடு கலந்து, சில நூறு மீட்டர் உயரமுள்ள மொழுக்கென்ற ஒரு மேடாகிவிட்டிருந்தன. எங்கள் ஊர் அந்த மேட்டின் சரிவில் எங்கோ இருந்தது.

12 கிலோமீட்டரில் கணவாய்க்கு மூன்று கட்டங்கள் கிடைத்தன. காற்று வரத் தொடங்கியது. 4 கிலோமீட்டரில்தான் அது உண்மையில் திறந்தது. ஆனால் கட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் நீளம், அகலம், காலம் மூன்றிலும் மும்மடங்கு. மொத்தம் 27 மடங்கு கணக்கு. ஆகவே அரபிக்கடலையும் வங்கக்கடலையும் தாராளமாக உள்ளடக்கிய அகன்ற வட்டாரத்தை 12 கிலோமீட்டரிலும், அதற்குள் கணவாயைச் சுற்றிய சிறு வட்டாரத்தை 4 கிலோமீட்டரிலும் வைத்தோம். முன்கணிப்புக்காக இருந்த பழைய வட்டாரத்தின் மேற்கு ஓரம் கரைக்கு மிக அருகில் இருந்தது. பருவக்காற்று கடலில் ஈரம் ஏற்றிக்கொள்ளும் வழியில் பாதியை அது வெட்டிவிட்டது. எந்த ஓரமும் மலைமீது விழக் கூடாது என்பதையும் அப்போதுதான் கற்றேன்.

இவ்வளவுக்குப் பிறகு, முதல் ஐந்தாண்டு ஓட்டத்தின் மழையைப் பெரியப்பாவின் நோட்டுகளோடு வைத்துப் பார்த்தேன். ஆண்டு மொத்தம் மோசமில்லை. ஆனால் நாள்கள் தவறாக இருந்தன. நோட்டில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பிறகு 46. மாதிரியில் 2, 3, 1, பிறகு 11. கட்டத்தைவிடச் சிறியவையான இடிமழை மேகங்களைத் தோராய விதிகளால் கணக்கிடும் 12 கிலோமீட்டர் ஓட்டம், வானத்தின் ஈரத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறித் தீர்த்துவிட்டது. இது துறையில் பலரும் அறிந்த குறை. ஆனால் அந்தப் பூஜ்யங்கள் உண்மையில் திறந்து பார்த்து எழுதப்பட்டவை என்று எனக்குத் தெரிந்ததால்தான் மாதிரியை உறுதியாகக் குற்றம் சொல்ல முடிந்தது. 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளையே மழைநாள் என்று இந்திய வானிலைத் துறை கொள்கிறது. அந்த அளவுகோலைப் பிடித்தபோது பல தூறல்கள் உதிர்ந்தன, மிச்சம் 4 கிலோமீட்டர் ஓட்டத்தில் குறைந்தன. ஒப்பீட்டில் என் பக்கமும் ஒரு பிழை இருந்தது. மாதிரியின் நாளை நான் உலக நேரப்படி, அதாவது நம் காலை 5.30க்கு, முடித்திருந்தேன், நோட்டின் நாள் 8.30க்கு முடிகிறது. விடியற்காலை மழையெல்லாம் ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தது.

எனக்கு மிகுந்த பாடம் சொன்னது சித்திரை வெயில். மாதிரியில் எங்கள் தாலுகா, கண்டவுடன் தெரியும் அளவுக்கு அதிகமாகச் சுட்டது. மண்ணைத் தோண்டிப் பார்த்தோம். அதாவது மாதிரியின் மண்ணை. 10, 30, 60, 100 சென்டிமீட்டர் தடிப்புள்ள நான்கு அடுக்குகள், மொத்தம் இரண்டு மீட்டர். மழை மட்டுமே மேலிருந்து வரும், மிச்சம் அடியில் வடிந்துவிடும். எங்கள் பக்கத்து ஆறான சித்தூர்ப்புழையின் தண்ணீர் அதில் இல்லை. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வந்து, மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து வாய்க்கால்களில் பிரிந்து, நெல்லுக்கும் தென்னைக்கும் பாய்கிறது. அந்த நீர் ஆவியாகும்போது நிலம் குளிர்கிறது. அதே மாதிரி அன்றாட முன்கணிப்பில் ஓடியபோது இந்தக் குறை ஏன் தெரியவில்லை என்றால், நாள்தோறும் வந்த வெப்பநிலை அளவீடுகளே வாய்க்காலின் வேலையைச் செய்துவிட்டன. மாதிரி தெரியாமலே ஒப்பந்தத்தின் பலனை அனுபவித்துக்கொண்டிருந்தது. திருத்தம் நின்றதும் வாய்க்கால் காய்ந்தது.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "வாய்க்கா தண்ணி எந்தெந்த வாரம் வந்துதுன்னு உனக்கு வேணுமாக்கும்?" என்றார். மழை நோட்டின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் சிறு கோடுகள் இருந்ததை நான் அதுவரை கவனித்ததில்லை. தண்ணீர் திறந்த நாளும் நின்ற நாளும் அவை. 1987இலிருந்து இருந்தன. அன்று மதியம் முழுவதும் அவர் வாசிக்க, நான் மடிக்கணினியில் ஏற்றினேன். நான்காவது நோட்டில் ஒரு பக்கம் கரையான் அரித்திருந்தது. அந்த மூன்று வாரங்களை நிரப்பாமல் விட்டுவிடச் சொன்னார்.

அந்த நாள்களை வைத்து, பாசன நிலமுள்ள கட்டங்களில் மேல் இரண்டு அடுக்குகளுக்கு நீர் சேர்க்கும் சிறு நிரலை எழுதி, ஓட்டத்தை மறுபடியும் தொடங்கினோம். இப்போது அது 1994ஆம் ஆண்டின் கார்த்திகையில் இருக்கிறது. சித்திரைச் சூடு தணிந்திருக்கிறது. மாலை இடிமழை கொஞ்சம் கூடியிருக்கிறது, அது சரிதானா என்பதை நோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.