பதினாறாவது சைக்கிள்

கடந்த ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியில் வெர்ரா, ஃபுல்டா ஆறுகள் இரண்டும் கூடி வேசர் ஆறாகும் ஹன்முண்டனிலிருந்து ஹோக்ஸ்டர் வரை ஆற்றோரமாகவே சைக்கிளில் போனோம். ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மொத்தம் 16 பேர். வரிசையில் நான் கடைசி. ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும். யாருக்கும் இடைஞ்சல் வேண்டாமென்று நானே கேட்டு வாங்கிய இடம்.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஒரு சிக்னல். பாதி வரிசை கடந்ததும் சிவப்பு விழுந்தது, நான் நின்றுவிட்டேன். எங்களை அழைத்துப் போனவர் 68 வயதுப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை. எதிர்ப்பக்கம் காத்திருந்து சொன்னார்: "15 பேருக்கு மேல் சேர்ந்து போனால் இங்கே சாலை விதிப்படி நாம் எல்லோரும் ஒரே வண்டி. முதல் சைக்கிள் பச்சையில் நுழைந்தால் கடைசி சைக்கிளும் பின்னாலேயே வரலாம்."

அதன்பிறகு சிக்னலே இல்லாத பாதை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் காடு அடர்ந்த குன்றுகள். பாதை நடுவே கம்பம் நட்டிருந்தால் முன்னால் போகிறவர் "போல்லர்!" என்று குரல் கொடுப்பார். அது ஒவ்வொரு வாயாக என்னிடம் வந்து சேரும். எனக்குப் பின்னால் யாருமில்லை. இருந்தாலும் நானும் உரக்கச் சொன்னேன்.

ஹேமல்னில் ஆற்றைக் கடந்த படகை நான் மறக்க மாட்டேன். கார்களையே ஏற்றும் அந்தப் படகு எஞ்சின் இல்லாமல் போகிறது! குறுக்கே கட்டிய இரும்புக் கயிற்றில் பிணைத்து, படகைச் சற்றே சாய்வாகத் திருப்பி நிறுத்துகிறார்கள். நீரோட்டம் அதன் பக்கவாட்டில் மோதி அக்கரைக்குத் தள்ளிவிடுகிறது. பலகையில் நீர் உரசும் ஓசை மட்டும்தான். அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

கீசல்வெர்டர் தாண்டியதும் என் பின் டயர் தொய்ந்தது. புது டியூபை எடுத்த என் கையைப் பிடித்துத் தடுத்தார் அந்த அம்மா. டயரின் உட்புறத்தில் கட்டைவிரலை மெல்ல ஓட்டிக்கொண்டே வந்தார். வால்வுக்கு நேரெதிரே விரல் நின்றது: வேலிச்செடியின் முள், அரிசி நீளம்கூட இல்லை. அதை எடுக்காமல் எத்தனை டியூப் மாற்றினாலும் பஞ்சர்தான்.

தூறல் ஆரம்பித்திருந்தது. நீங்கள் போங்கள், நான் மெதுவாக வருகிறேன் என்றேன். பம்பை அழுத்துவதை அவர் நிறுத்தவில்லை.

"நீ இல்லாவிட்டால் நாங்கள் 15 பேர்தான். 15 பேர் ஒரே வண்டி ஆக முடியாது."

புல்லில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் ரொட்டியையும் ஆப்பிளையும் பிரித்துவைத்து எனக்கும் ஒரு பங்கு எடுத்துவைத்திருந்தார்கள்.

பாட் கார்ல்ஸ்ஹாஃபன் வந்தபோது வெயில் திரும்பிவிட்டது. 1699இல், மதத்துக்காகப் பிரான்சை விட்டு வந்தவர்களுக்கென்று எழுப்பிய ஊர். வெள்ளை வீடுகள் ஒரே சீராக நிற்கும். ஒரு மணி நேரமாவது தங்கியிருக்கலாம், பஞ்சரால் நேரமாகிவிட்டது.

ஹோக்ஸ்டரில் நுழையும்போது மீண்டும் சிக்னல். எனக்கு முன்னால் நாலைந்து பேர் இருக்கும்போதே சிவப்பு. நான் பிரேக்கைத் தொடவில்லை. குறுக்குச் சாலையில் நின்ற கார், நான் கடக்கும்வரை அசையாமல் நின்றது.