வறட்சியில் தீவனக் கணக்கு

மழை பொய்த்த ஆண்டில் பலரும் தேடுவது மலிவான மூட்டையை. நான் மூட்டை விலையைப் பார்ப்பதில்லை. ஒரு கிலோ புரதம் என்ன விலைக்கு விழுகிறது என்று வகுத்துப் பார்ப்பேன். பல நேரம் தவிட்டைவிடப் பிண்ணாக்கே கட்டுப்படியாகும்.

400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்பொருள், அதாவது ஈரம் நீங்கலான தீவனம், வேண்டும். வெறும் வைக்கோல் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. அதைச் சத்தேற்ற, 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். பிரிக்கும்போது அமோனியா நெடி மூக்கைத் துளைத்தால் பதம் சரி. நெடி அடங்கும்வரை ஆறவிட்டுப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கூடாது. கரைக்காத யூரியாவைத் தீவனத்தின்மேல் தூவுவது மாட்டுக்கு நஞ்சு வைப்பதுதான்.

வாடிய இளஞ்சோளப் பயிரை ஆசையாக அறுத்துப் போடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அதில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய நஞ்சு ஏறியிருக்கும். தின்ற சற்று நேரத்தில் மாடு சாய்ந்துவிடலாம்.

இருக்கிற அடர்தீவனத்தை (பிண்ணாக்கு, தவிடு போன்றவை) எல்லா மாட்டுக்கும் சமமாகப் பங்கிடுவது நியாயம் போலத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கறவைக்கும் நிறைசினைக்கும் முதலில் வையுங்கள். பால் வற்றிய, சினையில்லாத மாடு பதப்படுத்திய வைக்கோலிலும் தாது உப்பிலும் ஒப்பேற்றிக்கொள்ளும்.