மேலே முகாம், கீழே ஆறு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவிடம், ஐ.நா. அமைதிப்படையில் காங்கோவின் கோமா பக்கம் ஓராண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டால், அவர் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதில்லை. தண்ணீர் லாரியையும் முகாமில் கழிப்பிடக் குழி தோண்டிய இடத்தையும் பற்றித்தான் சொல்வார். "குடிக்கிற தண்ணி மேல, கக்கூஸ் கீழ. பட்டாளத்துல முதல்ல சொல்லித் தர்றதே இதுதான்டா."

கரீபியன் தீவு நாடான ஹைத்தியில் அந்தப் பாலபாடம்தான் தவறியது. 2010 ஜனவரியில் நிலநடுக்கத்தில் நொறுங்கிய அந்த நாட்டில், அக்டோபரில் மிர்பாலே ஊர் அருகிலிருந்த, ஐ.நா. அமைதிப்படையின் நேபாள வீரர்கள் முகாமிலிருந்து காலராக் கிருமியோடு கழிவு ஓடைக்குப் போய், ஓடைவழி ஆர்ட்டிபோனிட் ஆற்றில் கலந்தது. ஒரு நூற்றாண்டாவது காலரா பதிவாகாத மண்ணில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். முகாமின் ஒப்பந்தக்காரர் கழிவைத் திறந்த குழியில் கொட்டினார் என்று எழுதிய ஐ.நா. நிபுணர் குழுவே, இது எந்தக் குழுவின் குற்றமும் அல்ல என்றும் 2011இல் எழுதியது. இரண்டும் ஒரே அறிக்கையில் இருப்பதை என்னால் இன்றும் சீரணிக்க முடியவில்லை.

பாதிக்கப்பட்டோர் ஐ.நா. மீது நியூயார்க்கில் தொடுத்த வழக்கு, 1946ஆம் ஆண்டு உடன்படிக்கை ஐ.நா.வுக்கு வழங்கும் சட்டப் பாதுகாப்பைக் காட்டி 2015இல் தள்ளுபடியானது. படை வரும்போதே ஹைத்தி அரசுடன் போட்ட ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட இழப்பீட்டு ஆணையம் அமைக்கப்படவே இல்லை. அப்போதைய ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் 2016 டிசம்பரில் மன்னிப்புக் கேட்டு, 40 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார். அதில் பெரும்பகுதி வரவே இல்லை.

தமிழ்நாட்டின் ஆளியாற்றிலிருந்து எங்கள் மூலத்தறைத் தடுப்பணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கோடைதோறும் காத்திருக்கும் எங்கள் சித்தூர்க்காரர்களுக்கு, மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் கேள்வி கேட்க முடியாத நிலை எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எங்களுக்குக் கணக்குக் கேட்டுச் சண்டை போட இரு மாநிலங்களின் கூட்டு வாரியம் ஒன்றாவது இருக்கிறது. ஆர்ட்டிபோனிட் கரையில் நீர் மொண்டவர்களுக்கு அதுவும் இல்லை.

இதையெல்லாம் படித்துக் காட்டியபோது சித்தப்பா வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குழிக்கும் ஓடைக்கும் எத்தனை அடி தூரம் என்று மட்டும் கேட்டார்.