இலைக் கணக்கும் ஐ3 பட்டையும்: கோத்தகிரி நாட்குறிப்பு

8 நவம்பர் 2025, சனிக்கிழமை

தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுப்புக்காக நேற்று மாலை கோயம்புத்தூரிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதிலிருந்தே மழை. கோத்தகிரியில் இறங்கியபோது எதிர்க்கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. அண்ணன் தன்னுடைய கணினியை எனக்குத் தந்துவிட்டதால், என் பழைய மடிக்கணினி இனி அம்மாவுக்கு. அதில் ஆகஸ்டு 9 அன்று வெளியான டெபியன் 13 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். நோம் என்னும் அதன் திரைச்சூழல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் 4 ஜிபி நினைவகத்தில் உலாவியைத் திறந்தவுடனே அது திணறியது. ஆகவே ஐ3-க்கு மாறினேன். ஐ3 என்பது இங்கே இன்டெல் நுண்செயலியின் பெயரன்று; மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் 2009-இல் தொடங்கிய சாளர மேலாளரின், அதாவது திரையில் சாளரங்களை அடுக்கும் மென்பொருளின், பெயர். அதில் சாளரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வதில்லை. பாகம் பிரித்த நிலத்தைப்போல் திரையைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன.

அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் சிறிய தேயிலை நிலத்தில் பறித்த இலையின் எடையை அவர் அன்றாடம் ஒரு நோட்டில் எழுதி வைத்து, மாதக் கடைசியில் சிட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அந்தக் கணக்கின் கடைசி வரி, கணினியைத் திறந்ததும் தமிழிலேயே திரையில் தெரியவேண்டும்.

9 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

திரையின் ஓரத்தில் தகவல்களைக் காட்டும் காங்கி என்னும் மென்பொருளை முதலில் முயன்றேன். இலைக் கணக்கை ஓர் எளிய உரைக்கோப்பில் வைத்து, அதன் கடைசி வரியைப் படித்துக் காட்டும்படி அமைத்தேன். அடுக்களையிலிருந்து ஈரக்கையைத் துடைத்தபடியே வந்து பார்த்த அம்மா, "என்ன கண்ணு, சங்கிலிக்கொம்பு லகரத்துக்குப் பின்னால போய் நிக்குது?" என்று கேட்டார்.

அவர் சொன்னது உண்மைதான். "இலை 38 கிலோ" என்ற வரியில் "இல" என்பதை அடுத்து ஐகாரக் குறி தனியாக நின்றது. "கிலோ"வில் லகரம் முதலில் வர, அதை அணைத்துக்கொள்ள வேண்டிய இரட்டைக்கொம்பும் துணைக்காலும் இரண்டுமாகச் சேர்ந்து அதற்கு அப்பால் நின்றன. எண்கள் மட்டும் சரியாக இருந்தன. இதே பிழையை விடுதியில் எத்தனையோ முறை பார்த்திருந்தும், தமிழ் என்றால் லினக்ஸில் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். முதல் வகுப்பில் சிலேட்டில் எழுதக் கற்றுக்கொடுத்தவரே கேட்டபிறகு அப்படி விடமுடியவில்லை.

11 நவம்பர், செவ்வாய்க்கிழமை

காரணம் எழுத்துருவில் இல்லை. யூனிகோடில் தமிழ் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன: "லை" என்றால் முதலில் லகரம், பிறகு ஐகாரக் குறி. பழைய திஸ்கி குறியாக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பே முதலில் வரும். அதனால் அன்றைய மென்பொருள்கள் எதையும் இடம்மாற்றாமலே வரைய முடிந்தது. யூனிகோடில் தேடலுக்கும் அகரவரிசைக்கும் ஒலி வரிசையே பொருந்தும், ஆனால் திரையில் வரையும் நேரத்தில் கொம்பை முன்னால் நகர்த்தவும், "கு" போன்ற உகர எழுத்துகளுக்கு உரிய கூட்டு வடிவத்தை எடுத்துத்தரவும் இடையில் ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் நிரல்தொகுதி. அதைப் பயன்படுத்தி வரிகளை அடுக்கித் தருவது பேங்கோ. "அனைத்தும்" என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லையும் "மொழி" என்னும் பொருளுள்ள ஜப்பானியச் சொல்லையும் சேர்த்து அதற்கு அப்பெயரை வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது.

என் காங்கி, எக்ஸ்எஃப்டி என்னும் எளிய எழுத்து வரையும் நிரல்தொகுதி வழியாக எழுத்துகளை வந்த வரிசையிலேயே திரையில் வரைகிறது. பேங்கோவிடம் போவதே இல்லை. எத்தனை எழுத்துருக்களை மாற்றினாலும் பயன் இல்லாமல் போனது அதனால்தான். திரையின் விளிம்பில் தகவல் பட்டை ஒன்றைக் காட்டும் பாலிபாரையும் நிறுவிப் பார்த்தேன். அழகிய பட்டை, அதே பிழை.

14 நவம்பர், வெள்ளிக்கிழமை

காலையில் மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. பேட்டரி இருந்தவரை வேலை நடந்தது. ஐ3-உடன் கூடவே வரும் ஐ3பார் என்னும் பட்டை பேங்கோ வழியாக எழுதும் என்பதை அதன் கையேட்டில் பார்த்ததும், வேறு அலங்காரங்களை எல்லாம் விட்டுவிட்டு அதற்கே வந்தேன். கிழமை, தேதி, பேட்டரியின் அளவு, இலைக் கணக்கின் கடைசி வரி ஆகிய நான்கையும் பத்து நொடிக்கு ஒருமுறை ஒரே வரியாக எழுதும் சிறிய ஷெல் நிரல் ஒன்றைப் பட்டைக்குக் கொடுத்தேன். "இலை" இலையாகவே வந்தது. "கிலோ"வின் லகரம் கொம்புக்கும் காலுக்கும் நடுவில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு குறை மட்டும் எஞ்சியது. அமைப்புக் கோப்பில் ஆங்கில எழுத்துரு முதலில் இருந்ததால் பட்டையின் உயரம் அதற்கேற்ப அமைந்து, உகரங்களின் கீழ்ச்சுழிகள் வெட்டுப்பட்டன. நோட்டோ சான்ஸ் தமிழை முதல் எழுத்துருவாக வைத்து அளவை 12 ஆக்கியதும் பட்டை தானே உயர்ந்து இடம் கொடுத்தது.

16 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

தவறு ஒன்று செய்திருக்கிறேன். கிழமையின் பெயர் தமிழில் வரவேண்டும் என்பதற்காக வெள்ளியன்று முழுக் கணினியின் மொழியமைப்பையும் தமிழுக்கு மாற்றியிருந்தேன். ஞாயிறுதோறும் கணினிக்குள் நுழைந்தவுடன் கோப்புகளைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கும் என் பழைய நிரல், கிழமையின் ஆங்கிலச் சுருக்கத்தைப் பார்த்தே ஞாயிற்றை அறிந்துவந்தது. இன்று அதற்குக் கிடைத்ததோ தமிழ்ச் சுருக்கம். ஆகவே இன்று ஞாயிறே இல்லை என்று முடிவுசெய்து, எந்த எச்சரிக்கையும் தராமல் ஒதுங்கிவிட்டது. மாலையில் பென் டிரைவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. கணக்குக் கோப்பு கணினியில் பத்திரமாக இருந்ததால் இழப்பு எதுவும் இல்லை.

இப்போது கணினியின் பொது மொழியமைப்பு மீண்டும் ஆங்கிலமே. பட்டைக்கான நிரலில் தேதியை எடுக்கும் ஒரு வரிக்கு மட்டும் நேர அமைப்பைத் தமிழாகக் கொடுத்திருக்கிறேன். நகலெடுக்கும் நிரலும் இனிக் கிழமையைப் பெயரால் பார்க்காது. 1 முதல் 7 வரையிலான எண்ணால் பார்க்கும், ஞாயிறு 7.

19 நவம்பர், புதன்கிழமை

அம்மா தட்டச்சு செய்வதற்கு, பல மொழிகளில் தட்டச்சிட உதவும் ஐபஸ் என்னும் மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையை அமைத்தேன். அதில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருக்கின்றன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். "பக்கம்" என்று தட்டியபோது ககரத்துக்கு அவர் புள்ளி வைக்காமலே புள்ளி வந்ததைக் கண்டு, "இதுக்கு இலக்கணம் தெரியுதே!" என்றார். கோப்பைத் திறக்க விண்டோஸ் விசையோடு ஆங்கில "ஐ" விசையை இணைத்திருக்கிறேன். முதல் நாள் மூன்று முறை மறந்தார், மாலைக்குள் பழகிக்கொண்டார். கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் தமிழ் இன்னும் சமமான கட்டங்களுக்குள் நெரிந்துதான் தெரிகிறது. அம்மாவுக்கு முனையம் தேவைப்படாது என்பதால் இப்போதைக்கு அதைத் தொடவில்லை.

23 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

நகலெடுப்பு காலையில் ஒழுங்காக நடந்தது. தேநீர் குடித்துக்கொண்டே பட்டையைப் பார்த்த அம்மா, "முந்தின நாள் இலையும் பக்கத்துல தெரிஞ்சா, கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு பார்த்துக்கலாம் கண்ணு" என்றார். கடைசி ஒரு வரிக்குப் பதிலாகக் கடைசி இரண்டு வரிகளை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டு இணைக்கும்படி நிரலை மாற்றினேன். இப்போது பட்டையின் வலப்பக்கத்தில் இப்படித் தெரிகிறது: வெள்ளி மழை, இலை 29 கிலோ | சனி வெயில், இலை 41 கிலோ.